சைக்கிள் முடிந்த கையோடு ஓட்டம்: திருகோணமலையில் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

சனி அல்லது ஞாயிறு விடிய 20 கிலோமீற்றர் சைக்கிள், இறங்கிய கையோடு 2 கிலோமீற்றர் ஓட்டம். ட்ரையத்லன் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் போட்டி) பழகுகிறவர்கள் இதற்கு ‘பிரிக்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஸ்பிரின்ட் எனப்படும் குறுந்தூர ட்ரையத்லனில் சைக்கிள் தூரமும் இதே 20 கிலோமீற்றர்தான். ஆனால் அங்கே ஓட்டம் 5 கிலோமீற்றர். தொடங்குகிறவருக்கு 2 போதும். ஓட்டத்துக்குக் கால்களில் பலத்தை மிச்சம் பிடித்துக்கொண்டு மிதிக்கப் பழகுவதுதான் இதன் முழுக் காரியமும். கீழே சொல்வதெல்லாம் அதற்காகத்தான்.

முதல் நாள் பின்னேரம்

பந்தய சைக்கிள் தேவையில்லை. வீட்டில் நிற்கும் லுமாலா சைக்கிளே காணும். ஆனால் நான்கு விஷயங்களை வடிவாகப் பாருங்கள்.

சீற் உயரம்: சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறியிருந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிக்காலை அதன்மேல் வையுங்கள். முழங்கால் நேராக நிமிர வேண்டும். மிதிக்கும்போது முன்பாதத்தால் மிதிப்பீர்கள், அப்போது முழங்கால் சற்று மடங்கியிருக்கும், அதுதான் சரி. நம்மூரில் பெரும்பாலான சைக்கிள்களில் சீற் பதிந்துதான் இருக்கிறது. பதிந்திருந்தால் முழங்காலின் முன்பக்கம் நோகும், தொடையும் கெதியாகக் களைக்கும். பிறகு ஓட்டத்துக்குக் கால் வராது. கூடிப்போனால் மிதிக்கும்போது இடுப்பு இரண்டு பக்கமும் ஆடும்.

ரயர்: எவ்வளவு காற்று வேண்டும் என்பது ரயரின் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும். குறைந்த காற்றோடு குழியில் இறங்கினால் ரியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசிந்து, அக்கம்பக்கமாக இரண்டு ஓட்டை விழும். ஒட்டுப் போடும்போது ஒன்றை மட்டும் கண்டு மற்றதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

பிரேக்: கைப்பிடியை முழுதாக அழுத்தினாலும் அது ஹேண்டிலில் முட்டக்கூடாது. செயின்: ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு துளி எண்ணெய், பத்து நிமிடம் விட்டு மேலே நிற்பதைத் துணியால் துடைத்துவிடுங்கள். எண்ணெய் மிதந்தால் கடற்கரை மணல் ஒட்டிச் செயினை அரைக்கும்.

ஒவ்வொருவரும் கொண்டுவர வேண்டியவை: ஹெல்மெட், 750 மில்லிலீற்றர் தண்ணீர்ப் போத்தல், இரண்டு கதலி வாழைப்பழம், ஓடக்கூடிய சப்பாத்து. குழுவுக்குப் பொதுவாக: ஒரு காற்றுப் பம்ப், ஒட்டுச் சாமான்கள், சில்லு நட்டுக்குப் பொருந்தும் சாவி, இரண்டு பக்கற் ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு, குளுக்கோஸ் தூள்), ஒரு லீற்றர் சுத்தமான தண்ணீர். ஒரு பக்கற் ஜீவனியை ஒரு லீற்றர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். ‘கடுமையாக இருந்தால் நல்லது’ என்று அரைப் போத்தலில் கரைத்தால் வயிற்றைப் புரட்டும்.

வழி

டச்சுக் குடாக் கடற்கரையில் கூடுங்கள். ஓட்டமும் அங்கேதான். நகரத்தைக் கடந்து நிலாவெளி வீதியில் உப்புவெளி, அலஸ்தோட்டம், சாம்பல்தீவு என்று போய், 10 கிலோமீற்றர் ஆனதும் திரும்புங்கள். ‘நிலாவெளி வரைக்கும் போய்விட்டே வருவோம்’ என்று யாராவது சொல்வார்கள். முதல் மாதத்தில் வேண்டாம். அது போக வர ஏறத்தாழ 30 ஆகிவிடும்.

வெளிச்சம் வந்ததும், காலை 6 மணியளவில், வெளிக்கிடுங்கள். ஏழரைக்குள் எல்லாம் முடிய வேண்டும். மே முதல் செப்ரெம்பர் வரை கச்சான் காற்றின் காலம். வெயில் ஏற ஏறச் சூடு தாங்காது. போகும்போது அந்தக் காற்று இடப்பக்கத்தால் தள்ளும், திறந்த சாம்பல்தீவுப் பாலத்தில் அதிகமாகத் தெரியும். ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காமல் முழங்கையைத் தளர்த்துங்கள். மார்கழி, தை வாடைக்காற்றில் போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது முதுகில். புதியவர்களுக்கு இதுவே நல்லது. களைத்த பிறகு காற்று துணைக்கு வரும்.

குழுவாக மிதிப்பது

ஆறு முதல் எட்டுப் பேர். அதற்கு மேல் வந்தால் இரண்டு குழுவாகப் பிரிந்து, ஐந்து நிமிட இடைவெளி விட்டுப் போங்கள். வீதியின் இடப்பக்கம், ஒற்றை வரிசை. முன்னால் ஒரே சீராக மிதிக்கக்கூடியவர், கடைசியில் அனுபவம் உள்ளவர், புதியவர்கள் நடுவில். வேகம் மணிக்கு 18 முதல் 20 கிலோமீற்றர். குழுவில் ஆக மெதுவானவர் பேசிக்கொண்டே வரக்கூடிய வேகம்தான் எல்லாருக்கும் வேகம்; அவருக்கு மூச்சு வாங்கினால் முன்னால் போகிறவர் குறைக்க வேண்டும்.

முன்சைக்கிளுக்கும் உங்களுக்கும் இடையில் இரண்டு மீற்றர் விடுங்கள். குழுச் சவாரியில் விழுகிறவர்கள் அதிகம் விழுவது ஒரே காரணத்தால்: தங்கள் முன்சில்லை முன்னால் போகிறவரின் பின்சில்லுக்குப் பக்கவாட்டில் கொண்டுபோய் விடுவது. அவர் குழிக்கு விலகினால் சில்லுகள் உரசும். முன்னால் போகிறவருக்கு ஒன்றும் ஆகாது. பின்னால் வருகிறவர் ஹேண்டிலைத் திருப்ப வழியில்லாமல் விழுவார். அதனால் எப்போதும் நேர் பின்னாலேயே நில்லுங்கள். முன்னால் போகிற ஆளை மிதித்துக்கொண்டே மாற்றாமல், நிற்கும் இடங்களில் மாற்றுங்கள்.

முன்னால் போகிறவர் சத்தமாகச் சொல்ல வேண்டியவை: ‘குழி’, ‘மணல்’, ‘மாடு’, ‘நிற்கிறேன்’. கடைசி ஆள் ‘பஸ்’ என்று சொல்வார். வீதியில் காற்று அள்ளிப்போட்ட மணலில் பிரேக் பிடிக்காதீர்கள், திருப்பாதீர்கள். மிதிப்பதை நிறுத்தி நேராக உருள விடுங்கள். விடிய வீதியில் படுத்திருக்கும் மாடுகள் எழும்பினால் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. வேகத்தைக் குறைத்து, பின்பக்கத்தால் சுற்றிப் போங்கள்.

தண்ணீரைப் பதினைந்து நிமிடத்துக்கு இரண்டு மூன்று மிடறு குடியுங்கள். திரும்பும் இடத்தில் ஒரு வாழைப்பழம். கடைசி 2 கிலோமீற்றரில் கியர் இருந்தால் இலேசான கியருக்கு மாற்றிக் கெதியாகச் சுற்றுங்கள்: வலக்கால் 15 விநாடிக்கு 20, 22 தடவை கீழே போக வேண்டும். கியர் இல்லாவிட்டால் வேகத்தைக் குறைத்தால் போதும். இடையில் சில விநாடி எழும்பி நின்று மிதித்து இடுப்பை நிமிர்த்துங்கள்.

இறங்கி ஓட்டம்

சைக்கிளை நிறுத்தி விட்ட பிறகே ஹெல்மெட்டைக் கழற்றுங்கள். போட்டியிலும் விதி அதுதான். பூட்டுங்கள், ஒருவர் காவலுக்கு நிற்கட்டும். இரண்டு மிடறு தண்ணீர். ஐந்து நிமிடத்துக்குள் ஓட்டம் தொடங்க வேண்டும். இருந்து கதைத்தால் பயிற்சி போய்விட்டது.

முதல் அடிகளில் கால் மரக்கட்டை மாதிரி இருக்கும். இது எல்லாருக்கும் வரும். ஒரு மணி நேரம் இடுப்பு மடங்கியே இருந்தது, முழங்கால் ஒருமுறையும் முழுதாக நிமிரவில்லை, உடல் பாரத்தைச் சீற் தாங்கியது. இப்போது ஒவ்வோர் அடியிலும் முழுப் பாரமும் காலில் இறங்குகிறது. ஐந்து முதல் பத்து நிமிடத்தில் கால் வழிக்கு வரும். அதுவரை அடியைச் சிறிதாக வைத்து ஆறுதலாக ஓடுங்கள். இன்னொரு ஏமாற்றும் இருக்கிறது: மிதித்த தாளம் காலில் நிற்பதால், மெதுவாகப் போவதாக நினைத்துக்கொண்டே வேகமாக ஓடிவிடுவீர்கள். ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடியாவிட்டால் வேகம் கூட.

முதல் வாரம் மூன்று நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று மாறி மாறி 2 கிலோமீற்றர். கடற்கரை வீதியில், தாரில் ஓடுங்கள். பக்கத்தில் மணல் ஆசை காட்டும். களைத்த கெண்டைக்காலோடு இளகிய மணலில் ஓடினால் குதிக்கால் தசைநார் இழுபடும். கோட்டை வாசலுக்குள் கோணேஸ்வரத்துக்கு ஏறும் பாதையும் இப்போதைக்கு வேண்டாம்.

விலாவில் பிடித்தால் நடந்து, மூச்சை ஆழமாக விடுங்கள். ஒரேயடியாகத் தண்ணீர் குடித்ததும் காரணமாக இருக்கலாம். தலை சுற்றினால், வெயிலில் உடம்பு புல்லரித்தால் ஓட்டத்தை அத்தோடு விடுங்கள். நிழல், தலையிலும் பிடரியிலும் தண்ணீர், பிறகு ஜீவனி. பேச்சுக் குழறினால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி.

அடுத்தடுத்த வாரங்களில் ஓட்டத்தில் மட்டும் ஐந்து ஐந்து நிமிடம் கூட்டுங்கள், சைக்கிள் 20-லேயே இருக்கட்டும். இரண்டையும் ஒன்றாகக் கூட்டினால் எது காலை நோகவைத்தது என்று கண்டுபிடிக்க முடியாது. வீட்டுக்குப் போனதும் நல்லதண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் சைக்கிளைத் துடைத்து, செயினை உலர்த்தி எண்ணெய் விடுங்கள். நம் கடற்காற்றின் உப்பு ஒரு வாரத்தில் துருவைக் கொண்டுவந்துவிடும்.