மலையில் சூரை விற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரியில் புதிதாக மீன்கடை போடுகிறவர்கள் ஒரே குழியில்தான் மாறி மாறி விழுகிறார்கள். எடை, பேரம் எல்லாம் ஒரு மாதத்தில் தானே பழகிவிடும். அதை விட்டுவிடுவோம்.

ஊர்க்குளிரை ஐஸாக நினைப்பது

"இந்தக் குளிருக்கு எதுக்குண்ணே ஐஸ்?" என்று கேட்டுவிட்டு, மஞ்சள் துடுப்புச் சூரையை (டூனா மீனை) வெறும் பலகையில் கிடத்துகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் ஆத்திரம் வருகிறது. ஊட்டிப் பகல் 20 டிகிரியைத் தொடும். சூரைக்கு வேண்டியது 4 டிகிரி. இடைப்பட்ட சூட்டில் மீன் நாறாமலே கெடும். சதையிலுள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைப் பாக்டீரியா ஹிஸ்டமின் என்ற நஞ்சாக மாற்றிவிடும். சாப்பிட்ட சில நிமிடங்களிலோ இரண்டு மணி நேரத்துக்குள்ளோ முகம் சிவக்கும், தலை வலிக்கும், உடம்பு அரிக்கும். சாப்பிட்டவர் தனக்கு அலர்ஜி என்று நினைத்துக்கொள்வார். தவறு உங்கள் பலகையில் நடந்தது.

கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்பதும் பொய். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92 டிகிரிவாக்கில் கொதித்துவிடும். டின் மீனை வேகவைக்கும் 115 டிகிரிக்கு மேலான சூட்டுக்கே ஹிஸ்டமின் அழிவதில்லை. ஃப்ரீசரில் போட்டாலும் உண்டானது அப்படியே இருக்கும்.

கேடு கடலிலேயே தொடங்கலாம். ஆயிரங்கால் தூண்டிலை, அதாவது நீண்ட கயிற்றில் வரிசையாகத் தொங்கும் தூண்டில் முட்களை, விட்டு இழுப்பதற்குப் பல மணி நேரம் ஆகும். முதலிலேயே மாட்டிச் செத்த மீன் வெதுவெதுப்பான தண்ணீரில் தொங்கிக் கிடக்கும். உயிரோடு வருவதோ, போராடியதில் கடலைவிடச் சூடேறி வரும். 30 கிலோ மீனின் தோல் ஜில்லென்று இருக்கையிலும் முள்ளை ஒட்டிய சதை ஆறியிருக்காது. ஆகவே தொட்டுப் பார்த்து வாங்காதீர்கள். பக்கத்துடுப்புக்குப் பின்னால், தடித்த இடத்தில், கம்பி தெர்மாமீட்டரை நடுமுள் வரை குத்துங்கள். 4 டிகிரியைத் தாண்டினால் திருப்பி அனுப்புங்கள். கிலோவுக்குக் கிலோ ஐஸ், வயிற்றுக்குள்ளும் நொறுக்கிய ஐஸ், பெட்டியடியில் தண்ணீர் வடியத் துளை. மேட்டுப்பாளையத்தில் ஐஸைப் புதுப்பிக்காமல் மலையேறும் வண்டிக்காரரிடம் வாங்கவே வேண்டாம்.

செவுளைத் தேடுவது

மீன் புதுசா என்று பார்க்கச் செவுளைத் தேடாதீர்கள். நல்ல தூண்டில் சூரை, செவுளும் குடலும் எடுத்துத்தான் வரும்.

கூட மாட்டியதை வஞ்சிரமாக்குவது

அதே தூண்டிலில் மயில்மீன், கொப்பரன் என்ற பெரிய கடல்மீன்களும் மாட்டும். துண்டு போட்டபின் வாங்குபவருக்கு அடையாளம் தெரியாது. அதற்காக வஞ்சிரம் என்று சொல்லாமல், உள்ள பெயரைச் சொல்லி விற்றுவிடுங்கள். கொப்பரனுக்கும் அதே ஹிஸ்டமின் ஆபத்து உண்டு, ஐஸ் கணக்கும் அதேதான்.

உடம்பளவு வால் நீண்ட சுறா

தன்னிடம் பதிவு பெற்ற படகுகள் இதை (திரெஷர் சுறாவை) வைத்திருக்கவோ விற்கவோ கூடாதென்று இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் தடை போட்டிருக்கிறது. வாங்காதீர்கள்.