கரகல்லா குளியலகம்: அன்று குளிக்க வந்தவர்கள் நடந்த வழியிலேயே சுற்றிப் பார்ப்பது எப்படி?

ரோமில் எனக்கு மிகவும் பிடித்த இடிபாடு இதுதான். கி.பி. 216இல் ரோமானியப் பேரரசர் கரகல்லாவின் காலத்தில் திறக்கப்பட்ட பொதுக் குளியலகம். 1,600 பேருக்கு இருக்கை இருந்ததாகப் பழைய குறிப்பு ஒன்று சொல்கிறது. இன்று கூரையும் இல்லை, குளிக்கத் தண்ணீரும் இல்லை. வானத்தை முட்டும் செங்கல் சுவர்கள்தான். எது எந்த அறை என்று தெரியாமல் போனால் சீக்கிரமே சலித்துவிடும். தெரிந்துகொண்டு போனால் வெளியே வர மனசு வராது.

படி 1: நாளும் நேரமும்

திங்கட்கிழமை விடுமுறை. மூடும் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், அதனால் கிளம்புமுன் அதிகாரபூர்வ இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள். மெட்ரோ பி லைனில் கொலோசியத்துக்கு அடுத்த நிறுத்தம் சிர்கோ மாஸ்ஸிமோ, அங்கிருந்து நடந்துவிடலாம். முடிந்தால் மதியத்துக்கு மேல் போங்கள். ரோமானியர்களும் பெரும்பாலும் வேலை முடிந்து அந்த நேரத்தில்தான் குளிக்க வந்தார்கள்.

படி 2: தரைப்படம்

குளியலகத்தின் தரைப்படத்தைக் காகிதத்தில் அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள். 2017இல், போட்டுக்கொண்டால் பழைய கட்டடத்தைக் கண்முன் காட்டும் மெய்நிகர் (VR) கண்ணாடியும் அறிமுகமானது. பார்க்க அழகுதான், ஆனாலும் என் ஓட்டு காகிதத்துக்கே. கண்ணை மூடும் கருவியைவிட, சுவரையும் படத்தையும் மாறி மாறிப் பார்ப்பதில்தான் கட்டடம் பிடிபடும்.

படி 3: திசையைப் பிடிப்பது

பலரும் குழம்புவது இங்கேதான், அதனால் நிதானமாகப் படியுங்கள். கட்டடத்தின் இடது பாதியும் வலது பாதியும் அச்சு அசல் ஒன்றுபோல இருக்கும். உடை மாற்றும் அறை இந்தப் பக்கமும் உண்டு, அந்தப் பக்கமும் உண்டு. உடற்பயிற்சி முற்றமும் அப்படியே. ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றொன்றுக்குள் நுழைந்தால், வந்த இடத்துக்கே திரும்பிவிட்டோமோ என்று தோன்றும்.

கைபேசியில் திசைகாட்டியைத் திறங்கள். வடகிழக்கு ஓரத்தில் நீச்சல் குளம். அங்கிருந்து தென்மேற்காக ஒரே கோட்டில் குளிர்நீர்க் கூடம், வெதுவெதுப்பு அறை, கடைசியில் வெந்நீர்க் கூடம். இந்த நான்கும் நடுவில், ஒவ்வொன்றும் ஒன்றுதான். இரண்டிரண்டாக இருப்பவை எல்லாம் பக்கவாட்டில். இது மனதில் பதிந்துவிட்டால் அப்புறம் வழி தவறாது.

வெந்நீர்க் கூடம் தென்மேற்கில் இருப்பதற்கும் காரணம் உண்டு. மதிய வெயில் பெரிய ஜன்னல்கள் வழியாக நேரே உள்ளே விழும். தரைக்கு அடியில் விறகு எரித்த சூடு, மேலே வெயிலின் சூடு. நீங்களும் மதியம் போனால் அந்தக் கணக்கை உடம்பிலேயே உணரலாம்.

படி 4: நடை

ஏதாவது ஒரு பக்கத்து உடை மாற்றும் அறையில் தொடங்குங்கள். அடுத்து முற்றம். இங்கே சுவரில் சாய்த்து வைத்திருக்கும் மொசைக் துண்டுகளை விட்டுவிடாதீர்கள். மேல்தளத்திலிருந்து விழுந்தவை அவை. பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் கனமான காரைப் பூச்சும் அதன் மேல் பதித்த சின்னச் சின்னக் கற்களும் தெரியும். முகப்பில் கடல் உயிரினங்கள்.

பிறகு வெந்நீர்க் கூடம்: சுமார் 35 மீட்டர் விட்டமுள்ள குவிமாடம் இருந்த இடம். மிச்சம் கொஞ்சம்தான். கயிறு கட்டியிருந்தால் வெளியில் நின்றே பாருங்கள். வெதுவெதுப்பு அறையைச் சீக்கிரம் கடந்துவிடலாம். குளிர்நீர்க் கூடத்தின் நடுவில் நின்று அண்ணாந்து பாருங்கள். நியூயார்க்கின் பழைய பென் ஸ்டேஷன் கூடத்துக்கு இந்தக் குளியலகம்தான் முன்மாதிரி.

கடைசியாக நீச்சல் குளம். கரையில் ஒரு சலவைக்கல்லில் வரிசையாகக் குழிகள் இருக்கும். குளிக்க வந்தவர்கள் விளையாடிய பலகை அது. எனக்கு அந்தக் குழிகள் குவிமாடத்தைவிடப் பெரிய விஷயம். பேரரசரின் பெருமைக்காகக் கட்டிய இடத்தில் சாதாரண ஜனங்கள் பொழுதுபோக்கிய தடம்! 537இல் ரோமை முற்றுகையிட்ட கோத்து இனப் படையினர் நகருக்கு வரும் நீர்க்கால்வாய்களைத் துண்டித்ததோடு இங்கே எல்லாம் நின்றுபோனது.

பிற்சேர்க்கை

படித்தவர்கள் கேட்ட இரண்டு விஷயங்கள். ஒன்று, கோடையில் இங்கே ஓபரா நடக்கும். மேடையும் இருக்கைகளும் சில இடங்களை மறைக்கலாம். முழுக் கட்டடத்தையும் பார்க்க விரும்புபவர்கள் வசந்தத்திலோ இலையுதிர் காலத்திலோ வருவது நல்லது. இரண்டாவது, சிலைகள் எங்கே என்ற கேள்வி. 1540களில் தோண்டி எடுத்த பிரம்மாண்டமான ஹெர்குலிஸும் காளைச் சிற்பமும் இப்போது நேப்பிள்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. விரைவு ரயிலில் போனால் ஒரே நாளில் பார்த்துத் திரும்பலாம். ஆனால் அந்த அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை, அதைப் பார்த்து டிக்கெட் போடுங்கள்.