ஆரஞ்சுத் தோல் பெயின்டைத் தேய்க்கும் முன் கொஞ்சம் பொறுங்கள்

டிங்கரிங், பெயின்டிங் முடிந்து வந்த காரை வெயிலில் பார்த்தால் பளபளவென்றுதான் இருக்கும். ராத்திரி ஒரு டியூப்லைட்டுக்குக் கீழே நிறுத்திக் கதவைப் பாருங்கள். லைட் நேர்கோடாகத் தெரியாமல் நெளிந்து நெளிந்து, ஓரமெல்லாம் பிசிறடித்துத் தெரிந்தால் அதுதான் ஆரஞ்சு பீல், ஆரஞ்சுத் தோல் மாதிரி பெயின்டில் விழும் மேடுபள்ளம். தின்னர் குறைந்து பெயின்ட் கெட்டியாக இருந்தாலோ, காற்றழுத்தம் போதாமல் துளி பெரிதாக விழுந்தாலோ, சித்திரை வெயிலில் சீக்கிரம் காய்கிற தின்னரைப் போட்டாலோ, பரவிச் சமமாவதற்குள் பெயின்ட் இறுகிவிடும்.

பார்த்தவுடனே வாட்டர் பேப்பரை, அதாவது தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாளை, தூக்குவதுதான் பெரும்பாலானோர் செய்கிற தவறு. ஷோரூமிலிருந்து வரும் புது வண்டியிலும் லேசாக இந்த நெளிவு உண்டு. அதனால் முதலில் எதிர்ப்பக்கக் கதவைப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் விட்டுவிடுங்கள், ஒரு கதவை மட்டும் கண்ணாடி மாதிரி ஆக்கினால் அப்புறம் அந்தக் கதவுதான் துருத்திக்கொண்டு தெரியும்.

அடுத்தது, எவ்வளவு தேய்க்க இடம் இருக்கிறது என்று தெரியாமல் தேய்ப்பது. கம்பெனி பெயின்டில் கலருக்கு மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சான கிளியர் கோட் சுமார் 40, 50 மைக்ரான்தான், உங்கள் தலைமுடி அதைவிடத் தடிமன். வெயிலிலிருந்து கலரைக் காப்பதும் அதுதான், அதில் பாதியைத் தேய்த்து எடுத்துவிட்டால் இன்று மின்னும், சில வருடத்தில் வெளிறி உரியத் தொடங்கும். தடிமன் பார்க்கும் மீட்டர் கிடைத்தால் நல்லது. ஆனால் அது காட்டுவது பிரைமர், கலர், கிளியர் எல்லாம் சேர்ந்த கணக்கு. உள்ளே நசுங்கிய இடத்தை நிரப்பப் பட்டி போட்டிருந்தால் எண் பல நூறைத் தாண்டும், அதைப் பார்த்து நிறைய இடம் இருக்கிறது என்று ஏமாந்துவிடாதீர்கள். பிளாஸ்டிக் பம்பரில் சாதாரண மீட்டர் வேலையே செய்யாது.

சீக்கிரம் முடியும் என்று சொரசொரப்பான 800 நம்பர் பேப்பரில் ஆரம்பிக்காதீர்கள், நம்பர் கூடக்கூடத்தான் பேப்பர் நைசாகும். 2000-இல் தொடங்குங்கள், அசையவில்லை என்றால் மட்டும் 1500-க்கு இறங்கி, திரும்ப 2000, 3000 என்று ஏறுங்கள். பேப்பரைக் கொஞ்ச நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு, ரெண்டு சொட்டு கார் ஷாம்பு விட்டு, ரப்பர் பிளாக்கில் சுற்றித் தேய்க்க வேண்டும். வெறும் விரலால் தேய்த்தால் விரல் அழுத்திய இடமெல்லாம் பள்ளம் விழும். கீழே விழுந்த பேப்பரைத் திரும்ப எடுக்கவே கூடாது, அதில் ஒட்டிய ஒரு மணல் போதும். நாலு இழுப்புக்கு ஒருமுறை ரப்பர் வைப்பரால் தண்ணீரை வழித்துப் பாருங்கள்: மேடு மங்கலாகியிருக்கும், பள்ளம் மட்டும் புள்ளி புள்ளியாக மின்னும். வழியும் தண்ணீர் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும்வரை சரி. கலர் கலந்து வந்தால் கிளியர் போயிற்று, நிறுத்துங்கள். கிளியர் இல்லாத பழைய ஒற்றைப் பூச்சு பெயின்டில் ஆரம்பத்திலேயே கலர் வரும், அது வேறு கதை.

தேய்த்து மங்கிய இடத்தைத் திரும்பப் பளபளப்பாக்கத்தான் பஃபிங் மிஷின். அதை ஒரே இடத்தில் நிறுத்திவைப்பது, காம்பவுண்ட் (பாலிஷ் பசை) காய்ந்த பேடை ஓட்டுவது, இரண்டும் சூட்டில் பெயின்டைக் கருக்கிவிடும். பழக்கமில்லாதவர்கள் ஒரே அச்சில் சுற்றும் ரோட்டரியைத் தொடாமல், சுற்றிக்கொண்டே அசைந்தாடும் டி.ஏ. (டூயல் ஆக்ஷன்) மிஷினோடு நிற்பது நல்லது. மெழுகு தடவினால் நெளிவு போய்விடும் என்பதும் பொய், பளபளப்பு கூடக்கூட அது இன்னும் எடுப்பாகத் தெரியும். புதுப் பெயின்டுக்கு மெழுகை அவசரப்பட்டுத் தடவவும் கூடாது, உள்ளே இருக்கும் தின்னர் முழுக்க வெளியேற வாரக்கணக்கில் ஆகும்.

எனக்கு மாட்டியது ஓரத்தில். கதவின் மடிப்புக்கோட்டிலும் விளிம்பிலும் பெயின்ட் நிற்காமல் இரண்டு பக்கமும் வழிந்துவிடும், அங்கேதான் பூச்சு ரொம்ப மெல்லிசு. அதனால் அங்கெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுத்தான் தொடவேண்டும். நானும் ஒட்டினேன், வேலை கிட்டத்தட்ட முடிந்தது என்று டேப்பை உரித்த பிறகு மடிப்புக்கோட்டை ஒட்டி மின்னுகிற ஒரு புள்ளி கண்ணில் பட்டது. அதையும் எடுத்துவிடலாம் என்று ரெண்டே இழுப்பு. தண்ணீர் சாம்பல் நிறத்தில் வழிந்தது, சில்வர் கலர் திட்டாக வெளியே வந்துவிட்டது. முழுக் கதவையும் மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று. புதிதாக அடித்ததிலும் லேசாக நெளிவு இருக்கிறது, அதை நான் இன்னும் தொடவில்லை.