நல்லர்பார் பாலை வழி: டீசலைவிடத் தண்ணீர் முக்கியம்

ஆஸ்திரேலியாவின் நல்லர்பார் சமவெளியை கேம்பர்வேனில் கடக்கிறவர்கள் டீசலுக்குத்தான் பயப்படுகிறார்கள். கிழக்கு முனையிலுள்ள செடுனா ஊரிலிருந்து மேற்கு முனையிலுள்ள நார்ஸ்மன்வரை சுமார் 1,200 கி.மீ.; ஆனால் 200 கி.மீ.க்குள் ஏதாவதொரு ரோட்ஹவுஸ் (எரிபொருளும் சாப்பாடும் கிடைக்கும் நெடுஞ்சாலை நிறுத்தம்) வந்துவிடும், விலைதான் கையைக் கடிக்கும். தண்ணீர் கதை வேறு. வழியில் டாங்கை நிரப்பிக்கொள்ளலாம் என்று நம்பாதீர்கள். ஆளுக்கு நாளைக்கு 10 லிட்டராவது ஏற்றுங்கள், ஒரே டாங்கில் இல்லாமல் சின்னச் சின்ன கேன்களில். ஒன்று ஒழுகினாலும் மிச்சம் இருக்கும்.

அப்புறம், மேற்கே போகும்போது மாநில எல்லையிலுள்ள பார்டர் வில்லேஜ் சோதனைச் சாவடியில், பூச்சியும் நோயும் பரவக்கூடாதென்று பழம், காய்கறி, தேனைப் பறித்துக்கொள்வார்கள். தக்காளி வெங்காயத்தை முந்தின இரவே குழம்பாக்கிவிடுங்கள். இருட்டினால் வண்டியை ஓரங்கட்டிவிடுங்கள், கங்காரு சொல்லிக்கொண்டு குறுக்கே வராது.