கே2ல பண்ற தப்பு பேர்லயே ஆரம்பிக்குது

கே2ன்னா உலகத்துலயே ரெண்டாவது பெரிய மலை, அதான் 2ன்னு நெறைய பேர் நெனச்சிட்டிருக்காங்க. உயரத்துல ரெண்டாவதுதான், 8,611 மீட்டர், ஆனா அந்த 2க்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. 1856ல மாண்ட்கோமரின்னு ஒரு சர்வே ஆபீசர் காஷ்மீர்ல ஹராமுக் மலைல நின்னு, 200 கிலோமீட்டருக்கு அந்தாண்ட தெரிஞ்ச சிகரங்கள கே1, கே2ன்னு குறிச்சிக்கிட்டாரு, கேன்னா காரகோரம்ங்கற மலைத்தொடர், அவ்ளோதான். கே1க்கு மஷர்பிரம்னு உள்ளூர் பேர் இருந்துச்சு, மேப்ல அதையே போட்டுட்டாங்க. கே2க்கு எல்லாரும் சொல்ற மாதிரி ஒரு பேர் கெடைக்கல, ஏன்னா பாகிஸ்தான் பக்கம் கடைசி ஊரான அஸ்கோலேல நின்னா கூட அது கண்ணுல படாது. கடைசில சர்வே நம்பரே பேரா நின்னுடுச்சு!

அந்தளவுக்கு ஒதுக்குப்புறம்ங்கறத லேசா எடுத்துக்கறதுதான் அடுத்த தப்பு. அஸ்கோலே வரைக்கும் ஜீப்பு, அப்புறம் பால்டோரோ பனியாறு மேல ஒரு வாரம் போல நடை. எவரெஸ்ட் பக்கம் மாதிரி வழிநெடுக லாட்ஜ், டீக்கடை எல்லாம் கெடையாது, டென்ட்டு சாப்பாடு எல்லாம் தூக்கிட்டுதான் போகணும்.

எவரெஸ்ட் ஏறியாச்சு, இது அதவிட குட்டிதானேன்னு வர்றவங்களுக்கு பாட்டில்நெக் இருக்கு. 8,200 மீட்டர் வாக்குல குறுகலான செங்குத்து பள்ளம், தலைக்கு மேலயே பெரிய பனிப்பாறை தொங்கிட்டிருக்கும். 2008 ஆகஸ்ட் 1ல என்ன ஆச்சுன்னா, புடிச்சு ஏறி எறங்கற கயிற ரொம்ப கீழேயே கட்ட ஆரம்பிச்சிட்டாங்க, மேல பத்தல, கீழ கட்டினத அறுத்து எடுத்துட்டு வர்றதுக்குள்ள பல மணி நேரம் போச்சு, அப்பவே திரும்பியிருக்கணும், ஆனா நெறைய பேர் விடாம ஏறி சாயங்காலம்தான் உச்சிக்குப் போனாங்க, எறங்கறப்ப இருட்டு, மேலருந்து பனி இடிஞ்சு கயிற அறுத்துட்டுப் போயிடுச்சு. ரெண்டு நாள்ல 11 பேர் செத்தாங்க. எத்தன மணிக்குத் திரும்பறதுன்னு கீழயே முடிவு பண்ணிடணும், மேல போனா மூளை சரியா வேல செய்யாது.

உடனே சிலர் 1954ல மொதல்ல ஏறின இத்தாலிக்காரங்க கூட சாயங்காலம் 6 மணி வாக்குலதானே உச்சிய தொட்டாங்கம்பாங்க. தொட்டாங்கதான், உயிரோட எறங்கியும் வந்தாங்க. ஆனா அவங்களுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் தூக்கிட்டுப் போன பாகிஸ்தானோட ஹுன்சா பகுதிக்காரர் அமிர் மெஹ்தி முந்தின ராத்திரி டென்ட் கூட இல்லாம பனியில உக்காந்திருந்து கால் விரல் அத்தனையும் இழந்தாரு, அத யாரும் சொல்ல மாட்டாங்க.