ஒரிகான் தடத்தில் இறந்தவரைத் தேடுகிறீர்களா?

1840களிலும் 50களிலும், அமெரிக்காவின் மிசௌரி ஆற்றங்கரையிலிருந்து மேற்கே ஒரிகான் வரை குடியேறிகள் சென்ற பாதையான ஒரிகான் தடத்தில் மாட்டு வண்டியில் மேற்கே புறப்பட்டு, வழியிலேயே இறந்த ஒருவரைத் தேடுகிறீர்கள் என்றால், கல்லறையிலிருந்து தொடங்காதீர்கள். பெரும்பாலான புதைகுழிகளுக்கு அடையாளமே இல்லை. ஓநாய்கள் தோண்டிவிடக் கூடாதென்று வண்டித்தடத்திலேயே புதைத்து, மேலே வண்டிகளை ஓட்டிச் சென்றவர்களும் உண்டு. நினைத்தாலே மனம் கனக்கிறது.

மற்றவர்களின் நாட்குறிப்புகளைத்தான் முதலில் படிக்க வேண்டும். வண்டிகள் நாளொன்றுக்குச் சுமார் 24 கிலோமீட்டர்தான் நகர்ந்தன. புறப்பட்ட நாள் தெரிந்தால், எந்த வாரம் எங்கே இருந்திருப்பார் என்று கணக்கிட்டுவிடலாம். அதையொட்டி அவ்வழியே கடந்த யாரோ ஓர் அந்நியர், புதைகுழிப் பலகையில் கண்ட பெயரையும் தேதியையும் எழுதி வைத்திருக்கக்கூடும். 1849 முதல் 1852 வரையிலான பயணம் என்றால் தடம் ஒட்டிச் சென்ற பிளாட் ஆற்றோரத்தைத் தவறவிடாதீர்கள். காலரா அங்கே ஏராளமானோரைப் பலிகொண்டது. 1852 ஆகஸ்டில் இன்றைய நெப்ராஸ்காவில் காலராவுக்குப் பலியான ரெபெக்கா விண்டர்ஸின் பெயர், வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டையில் பொறிக்கப்பட்டதால் நிலைத்தது.

துணையோ பிள்ளைகளோ ஒரிகான் போய்ச் சேர்ந்திருந்தால், குடியேறியவர்களுக்கு இலவசமாக நிலம் தந்த 1850ஆம் ஆண்டு நிலக்கொடைச் சட்டத்தின்படி அவர்கள் நிலம் கோரிய கோப்புகளையும், சொந்த ஊர் நீதிமன்றத்தின் வாரிசுரிமை ஆவணங்களையும் பாருங்கள்.