இயக்குநரின் கடைசி நாட்கள்: படம் பார்க்க உட்காரும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் வீட்டில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறேழு பேர் சேர்ந்து ஒரு படம் பார்ப்போம். போன மாதம் நான் போட்டது 'காட்ஸ் அண்ட் மான்ஸ்டர்ஸ்', 1998இல் பில் காண்டன் எடுத்தது. ஜேம்ஸ் வேல் என்ற ஹாலிவுட் இயக்குநரின் கடைசி நாட்கள்தான் கதை. இயன் மெக்கெல்லன் வேலாகவே வாழ்ந்திருப்பார். ஆனால் படம் முடிந்து டீ குடித்துக்கொண்டே எல்லோரும் பேசியதைக் கேட்டபோது, பாதிப் படம் எங்கள் கைக்கு வந்து சேரவே இல்லை என்று தெரிந்தது, எனக்கு அது மனசுக்குள் கிடந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது. இனிமேல் பார்க்கப் போகிறவர்களுக்காவது சொல்லிவிடுகிறேன். முடிவையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பெரிய தவறு இதுதான்: அவர் எடுத்த படம் ஒன்றைக்கூடப் பார்க்காமல் அவருடைய சாவைப் பார்க்க உட்காருவது. வேல் 1931இல் 'ஃபிராங்கன்ஸ்டைன்' எடுத்தவர், 1935இல் 'பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' எடுத்தவர். (ஃபிராங்கன்ஸ்டைன் என்பது பிணத் துண்டுகளைச் சேர்த்து உயிர் கொடுத்து ஒரு பயங்கர உருவத்தைச் செய்த விஞ்ஞானியின் பெயர், உருவத்துக்குப் பெயரே கிடையாது, எங்கள் வீட்டிலும் மூன்று பேர் மாற்றித்தான் சொன்னார்கள்.) இரண்டாவது படம் ஒன்றேகால் மணி நேரம்தான், ஒரு சாயங்காலம் போதும். அதில் காட்டுக் குடிசையில் கண் தெரியாத ஒரு கிழவர் தனியாகப் பிடில் வாசித்துக்கொண்டிருப்பார், ஊரே விரட்டியடித்த அந்த உருவம் வாசலில் வந்து நிற்கும், அவர் அதை உள்ளே அழைத்து உட்கார வைத்து, ரொட்டியும் ஒயினும் கொடுத்து, 'நண்பன்' என்ற சொல்லைச் சொல்லிக் கொடுப்பார். அந்த ஒரு சொல்லை மனதில் வைத்துக்கொண்டு வாருங்கள். 1998 படத்துக்குள்ளும் பழைய படத்தின் துண்டுகள் வரும், ஆனால் துண்டு போதாது.

அப்புறம், படத்தில் வேலின் வீட்டுக்கு வரும் தோட்டக்காரர். பிரெண்டன் ஃப்ரேசர் நடித்த கிளேட்டன் பூன் உண்மையில் வாழ்ந்தவர் என்று எங்கள் அக்கா போனில் தேடிக்கொண்டிருந்தார். அப்படி ஒருவர் இல்லை. கிறிஸ்டோபர் பிராம் 1995இல் எழுதிய நாவலிலிருந்து வந்த கற்பனை ஆள் அவர், லின் ரெட்கிரேவ் நடித்த வேலைக்கார அம்மா ஹானாவும் அப்படித்தான். உண்மை எவ்வளவு என்றால்: வேலுக்கு 1956இல் பக்கவாதம் வந்தது, 1957 மே 29 அன்று தன் வீட்டு நீச்சல் குளத்தில் இறந்து கிடந்தார், வயது 67. அவர் எழுதி வைத்த தற்கொலைக் கடிதத்தை, அவரோடு இருபது வருடத்துக்கு மேல் வாழ்ந்த தயாரிப்பாளர் டேவிட் லூயிஸ் வெளியே விடாமல் வைத்திருந்து, 1987இல் தான் சாவதற்குச் சற்று முன்புதான் காட்டினார். அதுவரை விபத்து, கொலை என்று ஆளுக்கொன்று பேசிக்கொண்டிருந்தார்கள். இன்னொன்று, வீட்டில் துக்கத்தில் இருப்பவரோ உடம்பு முடியாத பெரியவரோ கூட உட்காருவதாக இருந்தால், இது தன் உயிரைத் தானே முடித்துக்கொண்ட ஒருவரின் கதை என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை, சொல்லியிருக்க வேண்டும்.

நம் ஆட்களுக்கென்றே ஒரு தவறு இருக்கிறது. பாகவதர், சந்திரபாபு என்று கேட்டுக் கேட்டு, கலைஞன் என்றால் கடைசியில் கையில் காசில்லாமல்தான் போவான் என்று ஒரு கதை நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. வேல் வறுமையில் சாகவில்லை. நல்ல வசதியோடு, லாஸ் ஏஞ்சல்ஸின் பசிபிக் பாலிசேட்ஸில் சொந்த வீட்டில், படம் வரைந்துகொண்டு இருந்தவர். அவருடைய கஷ்டம் வேறு. முதல் உலகப் போரில் பதுங்கு குழியில் கிடந்து, 1917இல் ஜெர்மானியரிடம் சிக்கிக் கைதி முகாமில் இருந்தவர். மூளை தளர்ந்ததும் அந்த நாட்கள் கூப்பிடாமலே வந்து நின்றன, படம் காட்டுவது அதைத்தான்.

அவர் ஆண்களை நேசித்தவர் என்ற விஷயம் வந்ததும் எங்கள் கூடத்தில் பேச்சு அப்படியே நின்றுபோனது, ஒருவர் ரிமோட்டைக்கூடத் தேடினார். பாலீர்ப்பை வைத்து யாரையும் ஒதுக்கக் கூடாது என்று 1996லேயே அரசியல் சாசனத்தில் எழுதி, 2006இல் ஒருபால் திருமணத்தையும் சட்டமாக்கிய நாட்டில் உட்கார்ந்துகொண்டு அந்தக் காட்சிகளைத் தள்ளிவிட்டால், அந்த மனிதரையே தள்ளிவிட்டதாகும். அவருடைய தனிமை, நகைச்சுவை, பயம் எல்லாம் அதோடு பின்னிக் கிடக்கிறது.

படத்துக்குள்ளேயே ஒரு தவறு நடக்கிறது, என்னைச் சுட்டது அதுதான். பேட்டி எடுக்க வரும் மாணவன் பேய்ப் படங்களைப் பற்றியே கேட்டுக்கொண்டிருப்பான், கிழவர் வேறு எதையோ சொல்ல வாயெடுப்பார், அவன் விடமாட்டான். நானும் அப்படிச் செய்திருக்கிறேன். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு மாமா, வாலிபத்தில் கிரே தெருப் பக்கம் ஒரு தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தவர். இரண்டு வருடம் முன்பு அவரைப் பார்க்கப் போய், எம்ஜிஆர் படம் எத்தனை நாள் ஓடியது, கூட்டம் எவ்வளவு என்று ஒரு மணி நேரம் குடைந்தேன். கிளம்பும்போதுதான் அவர் கையை நீட்டிக் காட்டினார், பெருவிரலில் பழைய தீத்தழும்பு. புரொஜெக்டருக்கு வெளிச்சம் தரும் கார்பன் குச்சியை மாற்றும்போது சுட்டதாம். திரையின் வலது மேல் மூலையில் புள்ளி மின்னினால் ரீல் முடியப்போகிறது, உடனே அடுத்த மெஷினுக்கு மாற்ற வேண்டும், அதற்காகவே மூலையைப் பார்த்துக்கொண்டிருந்ததில் எத்தனையோ படத்தின் கதையே எனக்குத் தெரியாது என்றார். அதற்கு மேல் கேட்க எனக்கு நேரமில்லை, டாக்ஸி வந்துவிட்டது.

கடைசித் தவறு, நீச்சல் குளத்தோடு படம் முடிந்தது என்று எழுந்து போவது. எங்களில் இரண்டு பேர் சாப்பாடு எடுத்து வைக்கப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு வருடங்கள் கழித்து, அந்தத் தோட்டக்காரர் தன் சின்ன மகனோடு டிவியில் 1935 படம் பார்க்கிறார், இந்த இயக்குநரை எனக்குத் தெரியும் என்கிறார், பையன் நம்பவில்லை. வேல் கைப்பட வரைந்த அந்த உருவத்தின் படத்தை எடுத்துக் காட்டுகிறார். அதில் 'கிளேட்டனுக்கு' என்று எழுதி, கேள்விக்குறியோடு ஒரு சொல்: நண்பனா?

வருகிற ஞாயிறு 1935 படத்தைப் போடுகிறேன். மாமாவையும் கூட்டிக்கொண்டு வர அவர் மகளிடம் சொல்லியிருக்கிறேன், டாக்ஸிக்கு அவசரமில்லை.